கேமராவைத் திட்டாதீர்கள், கயிற்றைப் பாருங்கள்

அந்தக் காணொளியை நான் இங்கே மறுபடியும் போடப் போவதில்லை. பார்க்காதவர்கள் யாரும் இல்லை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் நான் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிட்டது. காட்டுக்குள் முகாம் போடப் போன மோட்டார் சைக்கிள் ரைடில், செம்மண் ஏற்றத்தில் ஒரு தம்பி வண்டியோடு சாய்கிறான், பின்னால் கட்டியிருந்த மூட்டை அவிழ்ந்து உருள்கிறது, முதுகில் இருந்த கேமரா பை சேற்றில் குப்புற விழுகிறது. படம் பிடித்தவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அதற்குக் கீழே எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: "ரைடுக்கு வரவனுக்குக் கேமரா எதுக்கு?"

பொறுத்துத்தான் பார்த்தேன். இன்று காலை ஒரு மூத்த ரைடர், நான் மதிக்கிற மனிதர், அதே காணொளியைப் பகிர்ந்து, "இனிமேல் நம் ரைடில் கேமரா பைக்குத் தடை" என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அவனைக் கீழே தள்ளியது கேமரா இல்லை, மூட்டை கட்டிய விதம்.

காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கூடாரம் சீட்டைத் தாண்டி, டெயில் லைட்டுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஸ்லீப்பிங் பேக். அதற்கும் மேல் கேஸ் அடுப்புப் பெட்டி, மூன்று பெரிய தண்ணீர் பாட்டில். இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது இரண்டே இரண்டு கொக்கி வைத்த ரப்பர் கயிறு. முதல் பள்ளத்தில் பின் சக்கரம் குதிக்கும்போதே ஒரு கொக்கி கழன்றுவிடுகிறது. மூட்டை இடது பக்கம் சரிகிறது. முன் சக்கரமோ மண்ணை அழுத்தாமல் மிதந்துகொண்டிருக்கிறது, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. அப்புறம் விழாமல் என்ன செய்யும்?

அவன் ஓட்டுவது கவாசாகி கேஎல்எக்ஸ் 150, காட்டுப் பாதைக்கான சின்ன மோட்டார் சைக்கிள். வண்டியே கிட்டத்தட்ட 118 கிலோதான். அதன் பின் அச்சுக்கும் பின்னால் 25 கிலோவைத் தொங்கவிட்டால், வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முன் சக்கரத்தைத் தூக்கிவிடும் வேலையைத்தான் செய்யும். தார் ரோட்டில் அது தெரியாது. ஏற்றத்தில் எடை தானாகவே பின்னால் போகும்போதுதான் தெரியும். இதில் கேமராவின் பங்கு எவ்வளவு? மிரர்லெஸ் கேமராவும் ஒரு சாதாரண லென்ஸும் சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றரை கிலோ தாண்டாது. அந்த மூன்று ஒன்றரை லிட்டர் பாட்டில் நாலரை கிலோ. "தண்ணியை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?" என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

கேட்கமாட்டீர்கள். தண்ணீர் அவசியம், கேமரா ஆடம்பரம் என்று ஏற்கெனவே மனசில் முடிவு செய்துவிட்டீர்கள். அந்த முடிவுக்கு இந்தக் காணொளி கிடைத்தது, அவ்வளவுதான்.

என் அப்பா மலேசியாவில் உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். பழைய ஹோண்டா கப்சாயில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். லாலாங் புல் மண்டிய அந்த மேட்டுச் சாலையில் பள்ளம் இல்லாத இடமே கிடையாது. பால் சிந்தினால் அன்றைய கூலி போச்சு. அவர் கொக்கிக் கயிறு பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. பழைய டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டி வைத்திருப்பார். வாளியைச் சீட்டை ஒட்டி நெருக்கி வைத்து, டியூப்பைக் கேரியர் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, முழங்காலை வாளியில் ஊன்றி இழுத்து முடிச்சுப் போடுவார். அப்புறம் வாளியைப் பிடித்து ஆட்டுவார். வாளி மட்டும் ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். வாளியோடு வண்டியும் சேர்ந்து ஆடினால்தான் ஏறி உட்காருவார். முதல் திருப்பத்தில் நிறுத்தி இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ஏனென்றால் புதிதாகக் கட்டிய எந்தக் கட்டும் கொஞ்ச தூரம் குலுங்கியதும் தளரும்.

இன்று ராக் ஸ்ட்ராப் என்று விற்கிற பட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. கொஞ்சம் ரப்பர், மிச்சம் நீளாத பட்டை, கொக்கி கிடையாது. அதை வாங்கக் காசில்லை என்றால் டயர் கடையில் கேட்டால் பழைய டியூப் சும்மாவே கொடுப்பார்கள். ஆக, விலை ஒரு பிரச்சினையே இல்லை. சொல்லித்தர ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

அன்று பெட்ரோல் ஸ்டேஷனில் புறப்படுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களிடம் விசாரித்தேன். வனத்துறை பர்மிட் பார்த்தார்கள். டயர் காற்று பார்த்தார்கள். வாக்கி டாக்கி பார்த்தார்கள். தே தாரே குடித்தார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். முதல் தடவையாகக் காட்டுக்கு வருகிற ஒரு பையனின் மூட்டையை ஒருத்தரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விழுந்தபோது மட்டும் எல்லார் கையிலும் போன் இருந்தது.

என்ன எடுத்துக்கொண்டு வருகிறாய் என்பது உன் விருப்பம். அதை எப்படிக் கட்டியிருக்கிறாய் என்பது உன் பின்னால் ஓட்டி வருகிற எல்லாருடைய விஷயம். உருண்டு வந்த அந்த மூட்டை அடுத்த வண்டியின் முன் சக்கரத்தில் மாட்டியிருந்தால்? அவிழ்ந்த கயிறு செயினில் சுற்றிப் பின் சக்கரத்தைப் பிடித்திருந்தால்? அதைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வரி இல்லை. கேமராவைப் பற்றித்தான் அத்தனை வரியும்.

சரி, எப்படிக் கட்டுவது என்று உண்மையிலேயே கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கனமானது எல்லாம் கீழே, முன்னால், உங்கள் தொடைக்குப் பக்கத்தில். டூல்ஸ், தண்ணீர், ஸ்பேர் டியூப், அடுப்பு எல்லாம் பக்கவாட்டுப் பையின் அடியில் போகட்டும். சீட்டுக்கு மேல் ஸ்லீப்பிங் பேக், துணி மாதிரி இடம் அடைக்கிற ஆனால் எடை இல்லாத பொருள் மட்டும். கூடாரத்தை அதன் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், கம்பிகளைத் தனியாகப் படுக்கப் போடுங்கள், துணி எந்த மூலையிலும் அடங்கும். காலையில் மடிக்கிற ஃபிளை ஷீட், அதாவது கூடாரத்தின் மேல்விரிப்பு, நனைந்துதான் இருக்கும், அதற்கு வெளியே தனிப் பை வேண்டும், இல்லையென்றால் மறுநாள் ராத்திரி ஈரப் படுக்கைதான். கேஎல்எக்ஸ் மாதிரி வண்டிகளில் புகைக்குழாய் வலது பக்கம் உயரத்தில் போகும். கேஸ் டின்னை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். பை குழாயில் உரசினால் உருகிவிடும். முதலுதவிப் பொருளும் டார்ச் லைட்டும் எதையும் அவிழ்க்காமல் கைக்கு வரணும்.

வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டுகிற அலுமினியப் பெட்டியின் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நெடுஞ்சாலைக்கு அது நல்ல பொருள். காட்டுக்கு வேண்டாம். ரவுப் பக்கம் சேற்றில் காலை ஊன்றிய ஓர் அண்ணனின் கணுக்கால், அவருடைய சொந்தப் பெட்டிக்கு அடியிலேயே மாட்டி முறிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பெட்டிக்கு ஒரு கீறல், அவருக்கு பிளேட்டும் ஸ்க்ரூவும். அன்று யாரும் "பெட்டிக்குத் தடை" என்று எழுதவில்லை. பெட்டிக்காரர் சீனியர். கேமராக்காரன் புதுப் பையன்.

இப்போது கேமரா. முதுகில் வேண்டாம் என்று நானும்தான் சொல்கிறேன். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே லென்ஸும் டிரைபாடும் இருக்கக்கூடாது. பக்கவாட்டுப் பையில், கீழே துணி, சுற்றிலும் துணி, நடுவில் கேமரா. லென்ஸைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாட்டியபடி குலுங்கினால் மவுண்ட்தான், லென்ஸ் மாட்டுகிற வளையம்தான், வாங்கிக்கட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் வாயைச் சுருட்டி மூடுகிற ட்ரை பேக்கில் போடுங்கள், ஆற்றைக் கடக்கும்போது பக்கவாட்டுப் பைதான் முதலில் நனையும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் பையிலேயே போட்டு வைக்காமல் ட்ரை பாக்ஸில் வையுங்கள்.

"போனிலேயே எடுக்கலாமே?" எடுங்கள். ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வருகிறீர்களே, அந்தப் போன் தயாரிப்பாளரே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டார்கள். பெரிய மோட்டார் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத்தைச் சமாளிக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. ஃபிரேசர் மலைக்கு ஏறுகிற பாதையில் மரத்து உச்சியில் இருவாச்சி வந்து உட்கார்ந்தால் உங்கள் போனில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். அது போதும் என்பவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது.

"கேமராக்காரங்களால எல்லாரும் நிக்கணும், மழைக்கு முன்னால இறங்க முடியல." இதில் நியாயம் இருக்கிறது. தித்திவங்சா மலைப் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று எனக்கும் தெரியும். பையின் மேல்புறத்தில், ஒரே பக்கிளைத் திறந்தால் கைக்கு வருகிற மாதிரி வைத்திருந்தால், இறங்கி எடுத்துத் திரும்ப வைக்க இரண்டு நிமிடம். அந்தப் பிரச்சினைக்கும் பதில் கட்டுவதில்தான் இருக்கிறது.

"நாங்கல்லாம் அந்தக் காலத்துல ஒரு கைலியும் ஒரு பிரஷும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம்" என்கிற அண்ணன்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கிளம்பியிருப்பீர்கள்.

"இவ்வளவு சீரியஸா எதுக்கு, சும்மா ஒரு சிரிப்பு வீடியோதானே?" இதுதான் என்னை ரொம்ப வருத்துகிறது. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் போனார்கள். நாம் போகிற வழியில்தான் அந்த ஊர். முகாம் போடுவது விளையாட்டில்லை என்று அன்றைக்கு எல்லாரும் எழுதினோம். அதற்குப் பிறகும் ஆற்றோரத்தில் பொருளையெல்லாம் பரப்பிப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மேலே மழை பெய்து ராத்திரியில் திடீரென்று வெள்ளம் வந்தால், சாவி எங்கே, பூட்ஸ் எங்கே என்று தேட நேரம் இருக்காது. பொருளை ஒழுங்கு பண்ணுவதைச் சின்ன விஷயமாக நினைக்கிற குழு, வேறு எதைப் பெரிய விஷயமாக எடுக்கும்?

விழுந்து கிடக்கிற பையனிடம் "அடிபட்டுச்சா?" என்று கேட்கிற குரல் அந்தக் காணொளியில் எப்போது வருகிறது என்று பாருங்கள். சிரிப்பு முடிந்த பிறகு வருகிறது. முழங்கால் வீங்கியிருந்தது. சேற்றைத் துடைத்துவிட்டு அவன் முதலில் பார்த்தது லென்ஸைத்தான். அதற்கும் சிரித்திருக்கிறார்கள். சம்பளத்தில் மாதா மாதம் கட்டி வாங்கிய லென்ஸ் அது.

தடை என்று எழுதிய அண்ணனிடம் நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் முகப்பில் இருக்கிற படம், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறுகிறதே, அதை யார் எடுத்தது அண்ணே? இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் எடுத்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு அன்றைக்கு நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். நம் குழுவில் ஒருத்தர் 2021-ல் கொரோனாவில் போனாரே, அவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பது கோலா குபு பாருவில் நான் எடுத்த படம். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னமெல்லாம் சேறாகச் சிரிப்பார். "இதவிட நல்ல படம் வீட்டுல இல்ல தம்பி" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டு வாங்கினார். அந்த ஊரடங்கில் இறுதிச் சடங்குக்குக்கூட நம்மால் போக முடியவில்லை. அந்தப் படத்தைத்தான் அனுப்ப முடிந்தது. அதுவும் ஆடம்பரமா?

காணொளியை நீக்கிவிடுங்கள். பகிர்ந்தவர்கள் எல்லாரும் நீக்கிவிடுங்கள். அந்தத் தம்பி அன்றிலிருந்து எந்தக் குழுவிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ரைடில் பெட்ரோல் ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம் முன்னால் வாருங்கள், டயர் காற்று பார்ப்பதோடு ஒவ்வொரு வண்டியின் மூட்டையையும் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். சீனியர் வண்டி, ஜூனியர் வண்டி என்று பார்க்காமல் எல்லாவற்றையும். தளர்ந்திருந்தால் அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் புறப்படணும், நான் உட்பட.

அவனும் வருவான். நேற்று செந்தூலில் அவன் வீட்டுக்குப் போய், வாசலில் வண்டியை நிறுத்தி எல்லாப் பொருளையும் இறக்கித் திரும்பக் கட்டிப் பார்த்தோம். கேமரா இடது பக்கப் பையில், கேஸ் டின்னுக்கு மேலே துணி வைத்து அதற்கும் மேலே. தண்ணீரில் பாதியைக் குறைத்துவிட்டோம், வழியில் ஓடை இருக்கிறது, வடிகட்டி அவனிடம் இருக்கிறது.