5.56 தோட்டா காயப்படுத்த மட்டும்தானா?

கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் டீக்கடையில் நேற்றும் அதே சண்டை. கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்து ஊர்கள் இருக்கிற மாவட்டம் எங்களுடையது, பேச்சு துப்பாக்கிப் பக்கம் போகாமல் இருக்காது. சித்தூரிலிருந்து வரும் ரிடையர்டு சுபேதார் அண்ணன், 5.56 மில்லிமீட்டர் தோட்டா போடும் நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளைப் பற்றி அடித்துச் சொன்னார்: "இன்சாஸ் தோட்டா கொல்றதுக்கு இல்ல தம்பி, காயப்படுத்தத்தான். ஒருத்தன் விழுந்தா தூக்க ரெண்டு பேர் வருவான், மூணு பேர் காலி."

நானும் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். டிரெயினிங்கில் சேர்ந்த முதல் மாசமே இந்தக் கதையைக் கேட்டாச்சு. அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனால் இது தப்பு.

5.56 வந்ததற்கு முக்கியக் காரணம் எடை. இன்சாஸுக்கு முன்னால் நம் ராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர் ரைஃபிளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், 5.56 சுமார் 12. நூறு ரவுண்டு தூக்குகிற பாரத்தில் இருநூறு தூக்கலாம், தோளில் உதையும் குறைவு, அடுத்த குண்டு குறி தவறாது. ரைஃபிள் சண்டை பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் நடக்கிறது என்று அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஆய்வு 1952-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் அதன் உண்மையான பலவீனம். தோட்டாவிலிருந்து பறக்கும் 4 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் போகிறது, அந்த வேகம் இருக்கும்வரை உடம்புக்குள் புரண்டு உடைந்து பெரிய சேதம் செய்யும். தூரம் கூடினாலோ பேரல் குட்டையாக இருந்தாலோ வேகம் குறைந்து, உடையாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். 1993-ல் சோமாலியாவின் மொகதிசுவில் சண்டை போட்ட அமெரிக்க வீரர்களிடமிருந்தும் இதே புகார்தான் வந்தது. கார்கிலில் நம் இன்சாஸ் படுத்திய பாடு வேறு: குளிரில் மேகசின் விரிசல் விட்டது, ரைஃபிள் ஜாம் ஆனது. அந்தப் பழியையும் தோட்டா தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

இன்னொன்று எனக்கு ரொம்பக் கோபம் வரவைப்பது, "ஆர்மி 7.62-க்குத் திரும்பிடுச்சு பாத்தியா" என்கிற பேச்சு. எந்த 7.62? அது குண்டின் விட்டம் மட்டும்தான். 2019-ல் வாங்கிய சிக் 716 ரைஃபிளுக்கு 51 மில்லிமீட்டர் நீளக் கூடு உள்ள தோட்டா, சக்தி 3,300 ஜூல் பக்கம். அமேதி கோர்வாவில் செய்கிற ஏ.கே. 203-க்கு 39 மில்லிமீட்டர், சுமார் 2,000 ஜூல்தான், 300 மீட்டர் தாண்டினால் குண்டு நன்றாகவே இறங்கும். மலை உச்சியிலிருந்து 500 மீட்டருக்குச் சுடுகிறவனுக்கும் புதருக்குள் 50 மீட்டரில் சுடுகிறவனுக்கும் ஒரே தோட்டா எப்படிச் சரியாகும்?

"எஸ்.எல்.ஆர் பட்டவன் எழுந்து நான் பாத்ததில்ல" என்றார் அண்ணன் கடைசியாக. சரி அண்ணா, நெஞ்சில் பட்டால் 5.56-லும் எழமாட்டான், தோள் ஓரத்தில் உரசிப் போனால் 7.62 பட்டவனும் திருப்பிச் சுடுவான்.