காற்று கண்ணாடிக்கு மட்டும் வந்தால் ஹீட்டர் கோரைக் கழற்றாதீர்கள்

தொண்ணூறுகளின் அமெரிக்கப் பிக்கப் வண்டியில், காற்றின் திசையை மாற்றும் குமிழை எப்படித் திருப்பினாலும் காற்று முன்கண்ணாடிக்கு மட்டுமே வருகிறது என்று கேட்டவருக்கு, ‘ஹீட்டர் கோர் (உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் பாகம்) அடைத்துவிட்டது, மாற்றுங்கள்’ என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் அந்த வேலைக்கு டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

கோர் அடைத்தால் சூடு குறையும். காற்றின் திசை மாறாது. காற்று சூடாகவும் வேகமாகவும் வருகிறது என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் கோரிலும் விசிறி மோட்டாரிலும் குறையில்லை. திசையை மாற்றுபவை உள்ளே இருக்கும் சிறு கதவுகள். அந்தக் காலத்துப் பல அமெரிக்க வண்டிகளில் அவற்றை இழுப்பது இன்ஜினின் வெற்றிட உறிஞ்சல். அது கசிந்தால் கதவுகள் தாமாகவே கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும். பனிக்காலத்தில் ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள்.

எனவே முதலில் இன்ஜின் பகுதியில் ஓடும் மெல்லிய வெற்றிடக் குழாயை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். வெடிப்போ கழன்ற முனையோ தென்படலாம். ஒரு துண்டு ரப்பர் குழாயிலேயே வேலை முடிந்துவிடும். மேடு ஏறும்போது மட்டும் காற்று கண்ணாடிக்குத் தாவினால், இன்ஜினின் உறிஞ்சல் குறையும்போது குழாயில் வெற்றிடத்தைத் தக்கவைக்கும் ஒருவழி வால்வையும் சோதியுங்கள்.

புதிய வண்டிகளில் இதே வேலையைச் சிறு மின்மோட்டார் செய்கிறது. டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று கேட்டால், பெரும்பாலும் அதன் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கும்.