எம்டன் பீரங்கியைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீங்க

வீட்டில் கெடுபிடி பண்ணும் அப்பாவையும் காரியத்தில் கில்லாடியான ஆளையும் "சரியான எம்டன்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்த எம்டன், முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல். அதன் பீரங்கி ஒன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஹைடு பார்க்கின் மூலையில், 1917 முதல் நிற்கிறது. அந்த ஊரில் படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறார்கள். விடுமுறைக்குத் தலைநகர் கான்பெரா போனால் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் டாங்கி முன்னால் ஒரு செல்ஃபி, கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம், முடிந்தது. இப்படிப் பார்ப்பதற்கு அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம் என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் மூன்றாவது கூடத்திலேயே கால் கடுத்து, கண் எதையும் வாங்காது. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். நமக்கு அது எம்டன்.

1914 செப்டம்பர் 22 இரவு. சென்னைக் கடற்கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குறி வைக்க அதுவே வசதியாகப் போயிற்று. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் கப்பல் நூறு குண்டுகளுக்கு மேல் வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊரைக் காலி செய்தார்கள். (விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று வருஷா வருஷம் ஒரு பதிவு சுற்றும். உறுதியான ஆதாரம் இல்லாத கதை அது. பகிரும் முன் யோசியுங்கள்.)

இப்போது ஹைடு பார்க்குக்கு வாருங்கள். பீரங்கியின் வாயைப் பாருங்கள். 10.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் இருந்தால் அதிகம். அதற்குள் போன குண்டு சுமார் 17 கிலோ. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் எம்டனை மடக்கிய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் இருந்தவை 6 அங்குலப் பீரங்கிகள், குண்டு ஒன்று 45 கிலோ. முதல் அடி எம்டனுடையதுதான். குறி வைக்கத் தூரம் அளக்கும் சிட்னியின் தூரமானியையே அது பதம் பார்த்தது. ஆனால் சிட்னி வேகமும் எட்டும் தூரமும் கூடிய கப்பல். எதிரி குண்டு எட்டாத தொலைவுக்கு விலகி நின்று அடித்தது. எம்டன் பவளப்பாறையில் போய் ஏறிக்கொண்டது. எம்டனில் 134 பேர் செத்தார்கள், சிட்னியில் நான்கு பேர். வீரம், கோழைத்தனம் என்றெல்லாம் பேசுவதற்கு முன் அந்த அரைச் சாணை நினைவில் வையுங்கள்.

கான்பெரா விஷயம். சிட்னியிலிருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். நுழைவு இலவசம், ஆனால் நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கட்டட விரிவாக்கம் வருஷக்கணக்கில் நடப்பதால் சில கூடங்கள் மூடியிருக்கலாம், பொருள்கள் இடம் மாறியிருக்கலாம். எம்டனின் மணி அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது (இரண்டு முறை திருடுபோய்த் திரும்பி வந்தது!). அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பலர் செய்யும் தப்பு, ஒரே நாளில் போய்வர மத்தியானமே திரும்பும் பஸ்ஸுக்குச் சீட்டு எடுப்பது. மாலையில் நடக்கும் லாஸ்ட் போஸ்ட் நிகழ்ச்சி போய்விடும். இறந்த ஒரே ஒரு வீரரின் வாழ்க்கையை அன்றைக்கு வாசிப்பார்கள். அதை விட்டால் பாதி விட்ட மாதிரி. ஜூன், ஜூலையில் அந்தத் திறந்த முற்றத்தில் குளிர் எலும்பைக் குடையும், தடித்த ஜாக்கெட் வேண்டும்.

முற்றத்தின் இருபுறமும் வெண்கலப் பலகைகளில் போரில் இறந்தவர்களின் பெயர்கள், ஒரு லட்சத்துக்கு மேல். பதவி எதுவும் போடவில்லை. ஜெனரலும் சிப்பாயும் ஒரே வரிசை. இடுக்கில் செருகியிருக்கும் சிவப்புப் பாப்பி பூக்கள் எவர் உத்தரவிலும் வந்ததில்லை. 1993இல் பெயர் தெரியாத வீரரின் அடக்கத்துக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் தாங்களாகச் செருக ஆரம்பித்தது.

ஒரு எச்சரிக்கை. போர் அருங்காட்சியகம் எந்த நாட்டிலும் அந்த நாட்டின் கதையைத்தான் சொல்லும். இங்கே எம்டன் என்றால் ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி. சென்னை அதில் ஒரு வரி. 1915இல் துருக்கியின் கலிபோலியில் அன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்து) படையோடு முதல் நாளே கரையிறங்கிய இந்திய மலைப் பீரங்கிப் படையை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆஸ்திரேலிய மண்ணிலேயே பழங்குடிகள் கொல்லப்பட்ட எல்லைப் போர்களை விரிவாகக் காட்டுவோம் என்று நினைவகம் சொன்னதே 2022இல்தான். அதற்கும் அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. அதனால் ஒவ்வொரு பலகையையும் படித்து முடித்ததும், இதில் யார் இல்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டு நகருங்கள்.

அடுத்த விடுமுறையில் சென்னை வந்தால் உயர்நீதிமன்ற மதில் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. கூட்டமெல்லாம் இருக்காது.