பஸ் ஸ்டாண்டை வெளியே தள்ளினால் தீருமா?
உசிலம்பட்டி நெரிசலுக்கு ஒரே வழி பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோவதுதான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. மதுரையில் 1999ல் ஊருக்கு வெளியே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வந்ததே, ஊருக்குள் இருக்கிற பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டம் குறைந்ததா? அங்கே இறங்குகிற சனம் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ பிடித்து திரும்பவும் ஊருக்குள்தானே வருது. இங்கே உசிலம்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே போய்ட்டு பஸ் உடனே வெளியே வந்துடும், அப்புறம் ரோட்டிலேயே நின்னு, கண்டக்டர் படியில் தொங்கிக்கிட்டு "ஆரப்பாளையம், ஆரப்பாளையம்"னு மதுரைக்கு ஆள் பிடிப்பார். பின்னாடி ஆம்புலன்ஸ் அலறினாலும் நகராது. பைக்குகளைக் கேட்கவே வேண்டாம். போன வாரம் மாத்திரை வாங்கிட்டு வர அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, அதுக்குள் ஹேண்டில் லாக் போட்ட மூணு வண்டி குறுக்கே. ஒவ்வொன்றா பின்சக்கரத்தைத் தூக்கி நகர்த்தித்தான் என் வண்டியை எடுத்தேன் (நானும் அதே ரோட்டோரம்தான் நிறுத்தியிருந்தேன், அது வேற கதை). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதின ஒருத்தர் 'ரயில்தான் வந்துடுச்சே' என்கிறார். 2010 கடைசியில் நின்ன, உசிலம்பட்டி வழியாப் போற மதுரை-போடி ரயில் லைன் அகலப்பாதையாகித் தேனி வரை ஓடவே 2022 மே ஆச்சு. இப்பவும் நாளைக்கு எத்தனை ரயிலாம்? விடிகாலையில் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வர்ற அம்மா ரயில் நேரம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா மல்லிகை அதுவரைக்கும் காத்திருக்குமா? முதலில் ஒரே ஒரு போலீஸ்காரரை பஸ் ஸ்டாண்ட் வாசலில் சாயங்காலம் நாலு மணி நேரம் நிறுத்தி, ரோட்டில் எந்த பஸ்ஸும் ஆள் ஏற்றாமல் பார்க்கட்டும். பஸ் ஸ்டாண்டை நகர்த்துவதை அப்புறம் பேசலாம்.