எல்பியை நேராக மைக் துளையில் செருகாதீர்கள்

"எல்பி இசைத்தட்டைச் சிடியாக மாற்ற, ரெக்கார்ட் பிளேயர் வயரை லேப்டாப் மைக் துளையில் செருகினால் போதும், சத்தம் குறைந்தால் சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சத்தம் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. தட்டில் வரி வெட்டும்போதே பேஸ் எனும் அடித்தொனியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954 வாக்கில் பொதுவான ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம்) முறைப்படி 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். இதைத் திருப்பிச் சரிசெய்யவும், காந்த வகை ஊசி தரும் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்கவும்தான் போனோ ப்ரீஆம்ப் என்ற கருவி இருக்கிறது. அது இல்லாமல் பதிந்தால் மிருதங்கத்தின் தொப்பியே (கனத்த ஒலி தரும் பக்கம்) கேட்காது, வயலின் தகரத்தில் கீறுவதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு லேப்டாப் மைக் துளை பெரும்பாலும் மோனோ, ஸ்டீரியோ தட்டின் ஒரு பக்கமே போய்விடும். செராமிக் ஊசி உள்ள பழைய பிளேயர் என்றால் கதை வேறு, அதற்கு ப்ரீஆம்ப் வேண்டாம்.

அப்புறம், அதே நண்பர் சிடி மேல் காகித லேபிள் ஒட்டச் சொன்னதும் சரியில்லை. அப்பாவின் எல்பிகளை மாற்றியபோது நானும் ஒட்டினேன். ஓரம் சுருண்டு கிளம்பியது, அதைப் பிய்த்தபோது வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்து, அந்தப் பதிவே போய்விட்டது. தகவல் அடுக்கு அந்த மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது, பால்பாயிண்ட் பேனாகூட ஆகாது. இங்க்ஜெட்டில் அச்சிடத்தக்க சிடி வாங்குங்கள், இல்லையென்றால் சிடிக்கான மார்க்கரில் எழுதுங்கள். படம் வேண்டுமென்றால் 12 சென்டிமீட்டர் சதுரமாக அச்சிட்டு டப்பாவின் முன்பக்கம் செருகுங்கள்.