கடனாளியும் மோசடிக்காரரும் ஒன்றா?

கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டத் தவறுபவரும் வங்கியை ஏமாற்றுபவர்தான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பொய்ச் சம்பளச் சீட்டு காட்டி, கட்டும் எண்ணமே இல்லாமல் கார்டு வாங்குவதுதான் மோசடி. கட்ட முடியாமல் திணறுவது வேறு.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, அம்மாவின் ஆபரேஷனுக்குக் கார்டைத் தேய்த்தான். பாக்கி 60,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம். மினிமம் (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று 3,000 கட்டினால் அதில் 2,100 வட்டிக்கே போய்விடும், ஜிஎஸ்டி தனி. "மினிமம் கட்டினா போதும் தம்பி" என்று கார்டைத் தலையில் கட்டியவர் இந்தக் கணக்கைச் சொல்லவே இல்லை. அது மட்டும் நேர்மையா?

அப்புறம் இரண்டு மாதம் சம்பளம் தாமதமானது. இரவு 9 மணிக்கு வசூல்காரர் போன், முதலாளியிடமும் பேசிவிட்டார். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம், போன் நின்றது. (30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.) கடனை அவன் கைவிடவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து முழுவதும் கட்டினான். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.