டைம் டேபிளை யாரிடம் கேட்டுப் போட்டார்கள்?

2025 ஆகஸ்டில் சென்னை பெரும்பாக்கம் பணிமனைக்கு 135 மின்சாரப் பேருந்துகள் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். புகை கிடையாது, தாழ்தளம், இரைச்சலும் குறைவு. அதில் 55 ஏசி. மகளிர் கட்டணமில்லாப் பயணம் ஏசி பேருந்தில் செல்லாது. அந்தப் பணிமனை இருக்கும் ஊரில்தான் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் எட்டு மாடிக் குடியிருப்புகளில் இருக்கின்றன. தங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஏசி வண்டியில் ஏற, அங்குள்ள பெண்கள் கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்தபோது அவர்களை யாராவது கேட்டார்களா?

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றுக்கும் ஒரே கதைதான். வீடு கொடுத்தார்கள், வேலை மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் அப்படியே இருந்தது. இடையில் பதினைந்து, இருபது கிலோமீட்டர். முதலில் ஆட்களைக் குடிவைத்தார்கள், பஸ் மெல்ல வந்தது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் ஷேர் ஆட்டோ.

வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்காவின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போகிறவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் முதல் வீட்டில் பாத்திரம் துலக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது வீடு, வேறு தெருவில். மதியம் திரும்பி வந்து, ரேஷனோ பள்ளிக்கூடமோ பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி ஒரு வீடு. காலை எட்டரைக்கும் மாலை ஆறுக்கும் வண்டிகளை நெருக்கமாக விடும் அட்டவணையில் இவருக்கு இடமே இல்லை. மதியம் பஸ்களைச் சார்ஜ் போட நிறுத்துவது வசதியாக இருக்கலாம். அவர் வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

மகளிருக்குக் கட்டணமில்லாச் சீட்டு கொடுப்பதால் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கு போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் போனவரும், தூரம் தாங்காமல் வேலையையே விட்டவரும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

நம் ஊர் கருத்துக் கேட்பு எப்படி நடக்கும் என்று தெரியும். ஆங்கிலத்தில் ஒரு பிடிஎஃப், வேலை நாளில் பதினொரு மணிக்கு ஏசி ஹாலில் ஒரு கூட்டம், கடைசியில் சமோசா. (சமோசா மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.) தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுகிறவர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இன்று கர்ப்பிணியும் முழங்கால் வலிக்காரரும் சுலபமாக ஏறுவது அவர்கள் போராட்டத்தின் பலன். ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மின்சாரப் பேருந்துகள் தனியார் நிறுவனத்துடையவை; ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கிறது. கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு. அதாவது 'அந்த ரூட்டில் கலெக்‌ஷன் இல்லை, ஆப்பரேட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்' என்ற பழைய சாக்கு இங்கே எடுபடாது. எந்த கிலோமீட்டரை எந்த நேரத்தில் வாங்குவது என்பது போக்குவரத்துக் கழகத்தின் முடிவு.

ஷேர் ஆட்டோக்காரர்களையும் அட்டவணை பற்றிய பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். எந்த முனையில் எத்தனை மணிக்கு யார் நிற்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கலிஃபோர்னியாவில் ஹூரான் என்று விவசாயக் கூலிகள் வாழும் ஒரு சின்ன ஊர். கார் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரைத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பழக்கம் அங்கே முன்பே உண்டு. 2018இல் 'கிரீன் ரைத்தேரோஸ்' என்ற திட்டம் அந்தப் பழக்கத்தையே வைத்துக்கொண்டு மின்சாரக் கார்களைச் சேர்த்தது. இங்கேயும் மின்சார ஷேர் ஆட்டோவுக்குக் கடனும் சார்ஜ் போட இடமும் கொடுத்து, குடியிருப்பு பிளாக்கிலிருந்து பஸ் நிறுத்தம் வரை முறையாக ஓட்டச் சொல்லலாம்.

பெரும்பாக்கம் ஊராட்சி என்பதால் வருடத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. பணிமனையின் கிளை மேலாளர் அட்டவணையைத் தமிழில் அச்சடித்துக்கொண்டு அங்கே வந்து உட்காரட்டும். மே 1 கூட்டத்துக்கு வருவதானால் மட்டும் இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள். உழைப்பாளர் தினத்தன்று வீட்டு வேலைக்கு லீவு கிடையாது.